பென் சொவான்: ஐந்து மாதப் பிரதமர், பத்து வருடக் கைதி

கம்போடியா எண்டால் எங்களில் கனபேருக்கு ரண்டு விஷயம்தான் ஞாபகத்துக்கு வரும். ஒன்று அங்கோர் வாட், மற்றது அடுக்கி வைத்த மண்டையோடுகள். போல் பொட் என்ற பெயரும், 1975 ஏப்ரலில் தொடங்கி 1979 ஜனவரியில் முடிந்த அந்த மூன்று வருடம் எட்டு மாதமும் தெரியும். 'பிறகு வியட்நாம் வந்து போல் பொட்டைக் கலைச்சது' எண்ட ஒரு வசனத்தோட புத்தகத்தை மூடிப்போட்டு அடுத்த நாட்டுக்குப் போயிடுவம். அந்தப் 'பிறகு'வுக்குள்ளதான் பென் சொவான் இருக்கிறார்.

போல் பொட் ஆட்சி விழுந்தபின் உருவான கம்பூச்சிய மக்கள் குடியரசில் ஆளுங்கட்சியின் முதன்மைச் செயலாளராக இருந்தவர் அவர். 1981 ஜூன் 27 அன்று பிரதமரானார். அதே வருடம் டிசெம்பர் தொடக்கத்தில், உடல்நலம் காரணமாக அவர் நீண்ட ஓய்வு எடுக்கிறார் என்று ஓர் அறிவித்தல் வந்தது. அப்போது அவருக்கு வயது 45. ஓய்வு எடுக்க அனுப்பப்பட்ட இடம் ஹனோய். அங்கே அவருக்குக் கிடைத்தது ஒரு சிறையறை. பத்து வருடத்துக்குப் பிறகுதான் அவர் திரும்பி வந்தார்.

ஒரு நாட்டின் பிரதமரையே பக்கத்து நாட்டுக்காரர் பிடித்துக்கொண்டு போய்ப் பூட்டி வைக்கலாம், நாட்டுக்குள்ளே ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள் என்றால், அது எப்படிப்பட்ட நாடாக இருந்திருக்கும்? இந்தக் கேள்விதான் என்னை இந்த ஆளின் பின்னால் போக வைத்தது.

அவர் பிறந்தது 1936 இல், தாக்கேயோ மாகாணத்தில். வியட்நாம் எல்லையைத் தொட்டுக்கொண்டு கிடக்கிற தெற்கு மாகாணம் அது. பிரெஞ்சுக்காரர் ஆண்ட காலம். பதின்மூன்று வயதில் பிரெஞ்சுக்கு எதிரான கெமர் இசாரக் இயக்கத்தில் சேர்ந்தார். இப்பத்தைய பேச்சில் சொன்னால் சிறுவர் போராளி. அந்தக் காலத்தில் இந்தோசீனா முழுவதுக்கும் ஒரே கம்யூனிஸ்ட் கட்சிதான் இருந்தது. தலைமை வியட்நாமியரிடம். 1951 இல் அது நாட்டுக்கொன்றாகப் பிரிக்கப்பட்டபோது கெமர் மக்கள் புரட்சிக் கட்சி பிறந்தது. பெயர் வேறாக இருந்தாலும் வழிகாட்டல், ஆயுதம், பயிற்சி எல்லாம் வியட்நாமியரிடமிருந்தே வந்தன.

1954 ஜெனீவா மாநாடுதான் முதல் முறிவு. வியட்நாம் இரண்டாகப் பிரிக்கப்பட்டது. லாவோஸ் கம்யூனிஸ்டுகளுக்கு வடக்கே இரண்டு மாகாணங்கள் ஒதுக்கப்பட்டன. கம்போடியக் கம்யூனிஸ்டுகளுக்கு ஒரு துண்டு நிலமும் இல்லை. ஆயுதத்தை வைத்துவிட்டு வீட்டுக்குப் போகவேண்டும், அல்லது வியட்நாமியரோடு சேர்ந்து வடக்கே போகவேண்டும். ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் ஹனோய்க்குப் போனார்கள். பதினெட்டு வயதுப் பென் சொவானும் அவர்களில் ஒருவர். பிறகு பதினாறு வருடம் அவருக்கு அதுதான் நாடு. அங்கே படித்தார், இராணுவப் பயிற்சி எடுத்தார், வியட்நாமிய இராணுவத்தில் அதிகாரியாகவும் இருந்தார்.

ஊரில் தங்கியவர்கள் வேறு மாதிரி வளர்ந்தார்கள். சிஹானூக்கின் பொலிஸ் அவர்களை வேட்டையாடியது. கட்சியின் பழைய தலைவர் தூ சமுத் 1962 இல் காணாமல் போனார். அந்த இடத்துக்குப் பாரிசில் படித்துவிட்டு வந்தவர்கள் ஏறினார்கள். சலோத் சார், பிற்காலத்துப் போல் பொட், அவர்களில் ஒருவர். இவர்களுடைய கணக்கில் ஜெனீவா ஒரு துரோகம். வியட்நாம் தன்ர அலுவலைப் பார்த்துக்கொண்டு எங்களைக் கைவிட்டுவிட்டது என்ற கோபம். அந்தக் கோபத்தில் நியாயமே இல்லை என்று சொல்ல முடியாது. அது எங்கே போய் முடிந்தது என்பதுதான் பயங்கரம்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிக்கவேணும். கேட்டால் பகிடி மாதிரி இருக்கும், ஆனால் பல உயிர்களைத் தின்ற ஒரு சச்சரவு இருக்கிறது. கட்சி எந்த வருடம் பிறந்தது? 1951 என்றால் அது வியட்நாமியரின் கையில் பிறந்த பிள்ளை. 1960 என்றால் போல் பொட்டும் தோழர்களும் கலந்துகொண்ட, புனோம் பென் ரயில் நிலையத்தில் இரகசியமாய் நடந்த மாநாட்டில் பிறந்த பிள்ளை. 1976 செப்டெம்பர் வரைக்கும் கட்சிப் பத்திரிகைகளே இதில் ஒத்துப்போகவில்லை. ஒன்று 1951 என்று எழுதியது, இன்னொன்று 1960 என்று திருத்தியது. அந்த மாதமே கியோ மியாஸ் என்ற மூத்த கம்யூனிஸ்ட் எஸ்-21 சித்திரவதைக் கூடத்துக்குக் கொண்டுபோகப்பட்டார். 1951 என்று நினைக்கிறவர் எல்லாரும் வியட்நாமின் கையாட்கள் என்பது அங்கே விசாரணையின் தொடக்கப் புள்ளி. அவர் அங்கிருந்து உயிரோடு வெளியே வரவில்லை. அடுத்த வருடம் போல் பொட் தன் கட்சி இருப்பதை முதன்முறையாக உலகுக்கு அறிவித்த நீண்ட உரையில், பிறந்த வருடம் 1960 என்று உறுதியாகிவிட்டது.

பென் சொவான் 1951 இன் ஆள். அவருடைய பதின்ம வயது முழுக்க, 1960 கணக்கின்படி, நடக்கவே இல்லாத ஒரு கட்சிக்குள் கழிந்திருக்கிறது.

1970 மார்ச்சில் லொன் நொல் சிஹானூக்கைக் கவிழ்த்தார். சிஹானூக் பீஜிங்கில் இருந்துகொண்டு, தான் வேட்டையாடிய கெமர் ரூஜோடேயே கூட்டுச் சேர்ந்தார். ஹனோயில் இருந்த கெமர்களை வியட்நாம் ஊருக்கு அனுப்பத் தொடங்கியது. பதினாறு வருடம் கழித்து, நரை விழுந்த தலையோடு, விடுதலைக்குப் போகிறோம் என்று காடு மலை நடந்து போனவர்கள். போனவர்களைப் போல் பொட் குழு முதலில் வரவேற்றது, பிறகு ஆயுதத்தை வாங்கியது, பிறகு ஒவ்வொருவராய்த் தீர்த்தது. இது 1975 க்குப் பிறகு நடந்தது அல்ல. 1971, 1972 இலேயே தொடங்கிவிட்டது. அமெரிக்க விமானங்கள் மேலே குண்டு போட்டுக்கொண்டிருக்க, கீழே தோழர் தோழரைக் கொன்றுகொண்டிருந்தார்கள்.

பென் சொவானும் திரும்பி வந்தவர்தான். முன்னணியின் பிரசாரத்தில், வானொலிப் பக்கம் வேலை செய்தார். அங்கே அவருக்கு மேலே இருந்தவர் இயெங் திரித், போல் பொட்டின் மனைவியின் தங்கை. சுற்றியிருந்தவர்கள் குறையக் குறைய அவருக்கு விளங்கிவிட்டது. 1974 அளவில் எல்லை கடந்து திரும்பவும் வியட்நாமுக்கு ஓடினார். தப்பியவர்கள் மிகக் கொஞ்சம் பேர்.

1978 கடைசியில் வியட்நாம் படையெடுக்கத் தயாரானபோது, கூடவே கொண்டுபோக ஒரு கம்போடியத் தலைமை தேவைப்பட்டது. கையில் இருந்தது இரண்டு வகை ஆட்கள். ஒன்று பென் சொவான் போன்ற பழைய ஹனோய்க்காரர். மற்றது, போல் பொட்டின் அணியிலேயே பொறுப்புகளில் இருந்து, கிழக்கு வலயத்தில் களையெடுப்பு நடந்தபோது ஓடிவந்தவர்கள்: ஹெங் சம்ரின், சியா சிம், இவர்களுக்கு முன்பு 1977 இலேயே எல்லை கடந்த இளம் ஹுன் சென். 1978 டிசெம்பர் 2 அன்று எல்லையோரம் ஸ்னூலில் தேசிய இரட்சிப்பு முன்னணி அறிவிக்கப்பட்டது. 14 பேர் கொண்ட மத்திய குழு. தலைவர் ஹெங் சம்ரின். முகம் அவர், கட்சி பென் சொவானிடம். அப்படித்தான் பங்கு பிரிக்கப்பட்டது.

டிசெம்பர் 25 இல் படை இறங்கியது. ஜனவரி 7 இல் புனோம் பென். இரண்டே வாரம்.

அவர்கள் உள்ளே போன நகரத்தைக் கற்பனை பண்ணிப் பாருங்கோ. சனம் இல்லை. காசு இல்லை. தபால், பள்ளிக்கூடம், சந்தை ஒன்றும் இல்லை. ஏறத்தாழ 80 லட்சம் பேர் இருந்த நாட்டில் சுமார் 17 லட்சம் பேர் செத்திருந்தார்கள். மிச்சமிருந்தவர்கள் தெருவெல்லாம் நடந்துகொண்டிருந்தார்கள், தங்கட ஊரைத் தேடி, தங்கட ஆட்களைத் தேடி. அரிசிதான் நாணயம். ரியால் திரும்ப வந்ததே 1980 மார்ச்சில்தான். அமைச்சுகளை நடத்தப் படித்த ஆட்கள் இல்லை. கட்சியில் ஆயிரம் பேர் இருந்திருந்தால் பெரிய காரியம்.

ஆகவே வெறுமையை நிரப்பியது வியட்நாம். ஒவ்வொரு அமைச்சுக்கும், ஒவ்வொரு மாகாணத்துக்கும் ஆலோசகர்கள். கட்சி மேலிடத்துக்கு 'பி68' என்ற குழு, அமைச்சுகளுக்கு 'ஏ40'. எல்லாவற்றுக்கும் மேலே லெ டுக் தோ. 1973 இல் கிசிஞ்சரோடு சேர்த்து நோபல் சமாதானப் பரிசு கொடுக்கப்பட, சமாதானம் இன்னும் வரவில்லை என்று வாங்க மறுத்தாரே, அதே ஆள். நாட்டில் ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட வியட்நாமியப் படையினர். 1979 பெப்ரவரி 18 இல் இரண்டு நாடுகளும் 25 வருட நட்புறவு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அதற்கு முதல் நாள்தான் சீனா வியட்நாமுக்குள் படை அனுப்பியிருந்தது.

உலகம் என்ன செய்தது? ஐ.நா.வில் கம்போடியாவின் கதிரையைப் போல் பொட் ஆட்களிடமே விட்டு வைத்தது. சீனா, அமெரிக்கா, பிரிட்டன், ஆசியான் நாடுகள் எல்லாம் அந்தப் பக்கம். கொலைகாரனுக்கு உலக மேடையில் கதிரை, கொலைகாரனைக் கலைத்தவனுக்குத் தடை. இந்தியா 1980 ஜூலையில் புதிய அரசை அங்கீகரித்தது, ஆனால் சோவியத் அணிக்கு வெளியே அப்படிச் செய்த நாடுகள் சொற்பம். தாய்லாந்து எல்லையில் கெமர் ரூஜ் திரும்பவும் கொழுத்துக்கொண்டிருந்தது. வியட்நாம் போனால் நாளைக்கே போல் பொட் வருவான் என்ற பயம் ஒவ்வொரு வீட்டிலும் இருந்தது. அது பொய்ப் பயமும் இல்லை. பென் சொவானின் கதையை வெறும் 'ஆக்கிரமிப்புக்கு எதிராக நின்ற தேசபக்தர்' என்று எழுதுகிற கட்டுரைகளில் இந்தப் பயம் வராது. அதனால்தான் அவற்றில் எனக்கு நம்பிக்கை இல்லை.

1981 மே மாதக் கடைசியில் கட்சி மாநாடு கூடியது. 162 பிரதிநிதிகள். அதற்கு 'நாலாவது மாநாடு' என்று பெயர். அதாவது 1951 முதலாவது, 1960 இரண்டாவது, 1979 ஜனவரியில் நடந்தது மூன்றாவது. இடையில் போல் பொட் நடத்திய மாநாடுகள் எண்ணிக்கையிலேயே இல்லை. கியோ மியாஸ் உயிரைக் கொடுத்த அந்த வருடம் திரும்பவும் கட்சியின் பிறந்த வருடம் ஆனது. பொதுச் செயலாளராகப் பென் சொவான் தெரிவானார். கட்சி அவருடையது, வரலாறும் அவருடையது. அடுத்த மாதம் பிரதமர் பதவி. அப்போது பாதுகாப்பு அமைச்சும் அவரிடம் இருந்த பொறுப்புகளில் ஒன்று.

ஆளை ஜனநாயகவாதியாகக் காட்டுவது என் நோக்கம் இல்லை. அந்த மே மாதம் நடந்த தேர்தலில் 117 ஆசனத்துக்கு 148 வேட்பாளர், எல்லாரும் முன்னணியின் ஆட்கள். வழக்கு இல்லாமல் ஆட்களைப் பிடித்து வைக்கிறதும் அடிக்கிறதும் அந்த ஆட்சியின் பழக்கம். 1987 இல் சர்வதேச மன்னிப்புச் சபை அதைப் பற்றி அறிக்கையே வெளியிட்டது. அந்தப் பொறியைக் கட்டியவர்களில் பென் சொவானும் ஒருவர். அவர் கட்டிய பொறியிலேயே அவர் அகப்பட்டார் என்று சொல்லத்தான் வேணும்.

ஏன் அகப்பட்டார்? இங்கே கவனமாய்க் கதைக்கவேண்டும். ஏனென்றால் அவருடைய பக்கத்துக் கதையைப் பெரும்பாலும் அவரே, விடுதலைக்குப் பிறகு, பேட்டிகளில் சொன்னார். வியட்நாமியக் குடியேற்றத்தை எதிர்த்தேன், கம்போடியாவுக்குச் சொந்தமாய் ஒரு பலமான இராணுவம் வேண்டும் என்றேன், லெ டுக் தோவோடு முரண்பட்டேன் என்பது அவர் சொன்ன சாரம். ஆய்வாளர்கள் இன்னொன்றையும் சேர்க்கிறார்கள்: வியட்நாமைச் சுற்றிக்கொண்டு சோவியத்தோடு நேரடி உறவு தேடினார் என்பது. 1981 தொடக்கத்தில் மொஸ்கோவில் நடந்த சோவியத் கட்சி மாநாட்டுக்குப் போய்வந்தவர் அவர். குணத்தாலும் ஆள் இறுக்கம், மற்றவர்களோடு ஒத்துப்போகாதவர் என்றும் சொல்லப்படுகிறது.

எனக்குப் படுவது இதுதான். ஹுன் சென் போன்றவர்களுக்கு வியட்நாம் உயிர் தந்த இடம். ஓடிவந்தவனுக்கு அடைக்கலம் தந்தவனோடு பேரம் பேச என்ன இருக்கு? பென் சொவானுக்கு அப்படி இல்லை. அவர் அவர்களோடேயே வளர்ந்தவர், அவர்களின் மொழியில் படித்தவர், அவர்களின் சீருடையில் நின்றவர். 'சகோதரக் கட்சிகள் சமமானவை' என்று ஹனோய் பாடசாலையில் சொல்லிக் கொடுத்ததை அவர் உண்மையிலேயே நம்பியிருக்கிறார். கூட்டத்தில் கேள்வி கேட்கிற உரிமை தனக்கு இருக்கு எண்டு நினைச்சிருக்கிறார். வியட்நாம் இருபத்தைந்து வருடமாய் ஊட்டி வளர்த்த ஆள், அவர்கள் சொன்னதை அவர்களிடமே திருப்பிக் கேட்ட முதல் ஆளானார்.

1981 டிசெம்பர் 2 அன்று அவரைப் பிடித்தார்கள். முன்னணி அறிவிக்கப்பட்ட நாளின் மூன்றாவது ஆண்டு நிறைவு. இது தற்செயலா தெரியாது, ஆனால் அன்றைக்குக் கொண்டாட்டம் இருந்திருக்கும். ஹனோய்க்குக் கொண்டுபோனார்கள். முதல் ஏழு வருடம் சிறை, பிறகு வீட்டுக்காவல். வழக்கு இல்லை, குற்றப்பத்திரிகை இல்லை, தீர்ப்பு இல்லை.

புனோம் பென்னில் ஹெங் சம்ரின் பொதுச் செயலாளர் ஆனார். சான் சி பிரதமரானார், அவர் 1984 டிசெம்பரில் இறந்துபோக, 1985 ஜனவரியில் 32 வயது ஹுன் சென் அந்தக் கதிரைக்கு வந்தார். சான் சியும் பழைய ஹனோய்க்காரர்தான், ஆனால் பென் சொவானுக்குப் பிறகு அந்த வகை ஆட்களின் செல்வாக்கு ஒவ்வொரு வருடமும் தேய்ந்தது. ஒரு வேடிக்கை பாருங்கோ: போல் பொட் அழிக்கத் தொடங்கிய ஹனோய்ப் பரம்பரையை அரசியலில் இருந்து ஓரங்கட்டி முடித்தது ஹனோயேதான். மேலே வந்தவர்கள் போல் பொட்டின் முன்னாள் படையினர்.

வியட்நாமியப் படை 1989 செப்டெம்பரில் வெளியேறியது. 1991 ஒக்ரோபரில் பாரிஸ் ஒப்பந்தம். 1992 ஜனவரியில் பென் சொவான் ஊர் திரும்பினார். வயது 55. அதற்குள் கட்சி மார்க்சிசத்தையும் பெயரில் இருந்த 'புரட்சி'யையும் கழற்றிவிட்டு கம்போடிய மக்கள் கட்சி ஆகியிருந்தது. பழைய தோழர்கள் வில்லாக்களில் இருந்தார்கள். 1998 இல் சொந்தமாய் ஒரு சின்னக் கட்சி தொடங்கித் தேர்தலில் நின்றார். ஒரு ஆசனமும் கிடைக்கவில்லை. பிறகு 2007 இல் மனித உரிமைகள் கட்சியோடு சேர்ந்தார். அது 2012 இல் சாம் ரெயின்சியின் கட்சியோடு இணைந்து கம்போடிய தேசிய மீட்புக் கட்சி ஆனது.

இந்தப் பிற்காலம் எனக்குச் சங்கடமானது. கம்போடிய எதிர்க்கட்சி அரசியலில் வியட்நாம் எதிர்ப்பு என்பது ஹனோய் அரசோடு மட்டும் நிற்காது. ஆற்றோரம் மிதக்கும் வீடுகளில் மீன் பிடித்துச் சீவிக்கிற, பலருக்குக் குடியுரிமைப் பத்திரமே இல்லாத வியட்நாமிய ஏழைச் சனத்தின் மேலேயும் விழும். 1970 இல் லொன் நொல் ஆட்சியில் அந்தச் சனத்தைக் கொன்று மெக்கொங்கில் மிதக்கவிட்டார்கள். போல் பொட் காலத்தில் மிஞ்சியிருந்தவர்களையும் தேடிக் கொன்றார்கள். பென் சொவானின் 'குடியேற்றத்தை எதிர்த்தேன்' என்ற வசனம் 1981 இல் ஓர் ஆக்கிரமிப்பு இராணுவத்தின் முன்னால் சொல்லப்பட்டபோது ஒரு பொருள். முப்பது வருடம் கழித்துத் தேர்தல் மேடையில் சொல்லப்படும்போது அதே பொருள் இல்லை. சிறுபான்மையாய் வாழ்ந்து பழகின ஆட்களுக்கு 'வந்தேறி' என்ற சொல் எங்க போய் முடியும் எண்டு விளங்கப்படுத்தத் தேவையில்லை. அவருக்கு நடந்த அநியாயம் அநியாயம்தான். அது இந்தக் கணக்கை நேராக்காது.

ஆளுங்கட்சி அவரைப் பற்றி அதிகம் கதைப்பதில்லை. ஹுன் சென் 1977 ஜூன் 20 இல் எல்லை கடந்த இடத்தில் நினைவிடம் இருக்கு, வருடாவருடம் விழா நடக்கும். ஜனவரி 7 விடுமுறை நாள். கட்சியின் பிறந்த நாளாக ஜூன் 28 கொண்டாடப்படுகிறது, வருடம் 1951. அந்த வருடத்தைத் திருப்பி நிறுத்திய மாநாட்டின் பொதுச் செயலாளரைத்தான் விழாக்களில் காணக் கிடைக்காது.

2013 தேர்தலில் கொம்போங் ஸ்பூ மாகாணத்தில் அவர் வென்றார். வயது 77. தேர்தல் முடிவை ஏற்காமல் எதிர்க்கட்சி ஒரு வருடம் சபையைப் பகிஷ்கரித்தது. 2014 ஓகஸ்டில்தான் சத்தியப்பிரமாணம் எடுத்தார்கள். 2016 ஒக்ரோபர் 29 இல் தாக்கேயோவில் இறக்கும்வரை அவர் பாராளுமன்ற உறுப்பினர். அந்தச் சபைக்குள் அவர் போய் இருந்தபோது எதிர்வரிசையில் பிரதமராக இருந்தவர் ஹுன் சென். சபாநாயகர் கதிரையில் ஹெங் சம்ரின்.